நன்றாகத் தெரியும் கண்ணுக்கு எதற்கு ஆபரேஷன்?

புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கட்டைப் பிரித்த மறுநாளே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்கள், "பளிச்சென்று தெரிகிறது" என்று. கிளாக்கோமா ஆபரேஷன் செய்துகொண்ட யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கிளாக்கோமா பார்வை நரம்பை மெல்ல மெல்ல அழிக்கிற நோய், அதில் போன பார்வை திரும்பாது. ஆபரேஷன் முடிந்து சில வாரங்களுக்கு, முன்பு இருந்ததைவிட மங்கலாகத்தான் தெரியும். எல்லாம் நல்லபடியாக நடந்தால் பழைய நிலைக்கு வந்து நிற்கும். அப்படி நின்றாலே வெற்றி. இந்த மாதிரி ஓர் ஆபரேஷனுக்கு ஒருவர் எப்போது சம்மதிப்பது? எதை வைத்து?

எனக்கு இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா. இடது கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது. வலது கண்ணில் செய்யவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்று மருத்துவரும் நானும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். நோயைக் கண்டுபிடித்தபோது இரண்டு கண்ணிலும் பிரஷர், அதாவது கண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தம், ஏறக்குறைய ஒன்றுதான், பாதரச மில்லிமீட்டர் கணக்கில் 26-ம் 25-ம். ஆள் ஒன்று, வயது ஒன்று, போட்ட மருந்தும் ஒன்று. ஆனாலும் முடிவு இரண்டாகிவிட்டது. அதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. புதிதாக இந்த நோய்க்குள் வருகிறவர்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல, நோயாளி. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பார்வை போவது எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஆபரேஷன் தள்ளிப்போவதற்குப் பாதிக் காரணம் அதில்தான் இருக்கிறது.

நான் மெய்ப்புப் பார்க்கிற வேலையில் இருப்பவன். சொட்டு மருந்து போட ஆரம்பித்துச் சில வருடங்கள் கழிந்திருந்தன. ஒருநாள் வலது கண்ணில் தூசி விழுந்துவிட்டது. அதைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மட்டும் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். 'வந்திருந்தார்கள்' என்ற சொல்லின் முதல் எழுத்தில் கண்ணை வைத்தால் 'தார்கள்' அங்கே இல்லை. கண்ணைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினால் 'தார்கள்' வந்துவிடும், அடுத்த சொல்லின் வால் காணாமல் போகும். கறுப்பாக எதுவும் தெரியவில்லை. மறைப்பு, புகை, புள்ளி ஒன்றும் கிடையாது. அந்த இடத்தில் தாள் வெறும் வெள்ளைத் தாளாகத் தொடர்ந்தது, அச்சகத்தில் எழுத்து விடுபட்டுப் போன மாதிரி. வலது கண்ணைத் திறந்ததும் எல்லா எழுத்தும் ஒழுங்காக அதனதன் இடத்தில் இருந்தன.

கிளாக்கோமா விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் ஒரு படம் போடுவார்கள். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் ஒரு வட்டம், அதற்குள் இரண்டு குழந்தைகள். அந்தப் படத்தை நம்பி எத்தனை பேர் "எனக்கு அப்படியெல்லாம் இல்லையே" என்று நிம்மதியாக இருந்திருப்பார்களோ தெரியாது. 2013-இல் வந்த ஒரு பிரிட்டன் ஆய்வில் கிளாக்கோமா நோயாளிகளிடம் பல விதமான படங்களைக் காட்டி, உங்களுக்குத் தெரிவது இவற்றில் எது மாதிரி என்று கேட்டார்கள். கறுப்புச் சுரங்கப் படத்தை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. மங்கலாக இருக்கிறது என்றார்கள், சில பகுதிகள் இல்லாமல் இருக்கின்றன என்றார்கள், கணிசமான பேர் வித்தியாசமே தெரியவில்லை என்றார்கள். போன இடத்தை மூளை அக்கம்பக்கத்தில் இருப்பதை வைத்து நிரப்பிவிடுகிறது. ஒரு கண்ணில் போனதை மற்ற கண் ஈடுகட்டிவிடுகிறது. இவை போதாதென்று, நரம்பிலேயே கையிருப்பு நிறைய. ஒவ்வொரு கண்ணின் பார்வை நரம்பிலும் சுமார் பத்து லட்சம் இழைகள் இருக்கின்றன. அவற்றில் நான்கில் ஒரு பங்கோ, அதற்கு மேலோ அழிந்த பிறகுதான் பார்வைப் பரப்புப் பரிசோதனையில் முதல் குறை நிச்சயமாகத் தென்படுகிறது.

எழுத்து காணாமல் போனதைக் கவனித்த அதே மாதம் மருத்துவமனையில் சுவர் அட்டையைப் படித்தேன். இடது கண் 6/6. கடைசி வரி வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லை. அட்டையைப் படிக்க விழித்திரையின் நடுவிலே மிகச் சிறிய இடம் போதும். கிளாக்கோமா அந்த இடத்தைப் பெரும்பாலும் கடைசியில்தான் தொடும். ஆகவே "நன்றாகத் தெரிகிறதே, எதற்கு ஆபரேஷன்?" என்கிற கேள்வி நோயாளிக்கு நியாயமாகவே தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் "எவ்வளவு தெரிகிறது" என்பதை வைத்து இந்த நோயில் நேரம் குறிக்க முடியாது. அது குறையத் தொடங்கும்போது காப்பாற்றுவதற்கு மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும்.

சரி, பிரஷரை வைத்து முடிவு செய்யலாமா? பெரும்பாலோர் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 21 வரைக்கும் நார்மல், அதற்கு மேல் போனால் ஆபத்து என்று ஒரு கோடு எல்லோர் மனதிலும் இருக்கிறது. இந்த 21 எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. ஏராளமான பேருக்குக் கண்ணழுத்தத்தை அளந்து, சராசரி 15, 16 வாக்கில் இருக்கக் கண்டு, அதிலிருந்து புள்ளியியல் வழக்கப்படி இரண்டு படி மேலே போய்ப் போட்ட கோடு அது. நரம்பு தாங்குமா தாங்காதா என்பதற்கும் அந்தக் கோட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 21-க்குக் கீழேயே இருந்து பார்வை போகிறவர்கள் இருக்கிறார்கள். 26 இருந்தும் வருடக்கணக்காக ஒன்றும் ஆகாதவர்களும் இருக்கிறார்கள். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 24 முதல் 32 வரை பிரஷர் இருந்தும் நரம்பு கெடாத 1,636 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். மருந்து போடாதவர்களிலேயே ஐந்து வருடத்தில் நோய் வந்தது 9.5 சதவீதம் பேருக்குத்தான். மருந்து போட்டவர்களில் 4.4 சதவீதம்.

அளக்கிற கருவியிலும் ஒரு நெளிவு உண்டு. நீல விளக்கோடு ஒரு சின்ன முனை வந்து கருவிழியைத் தொடுமே, அந்தக் கருவி கருவிழியின் தடிமன் ஏறத்தாழ 520 மைக்ரான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. கருவிழி மெல்லியதாக இருந்தால் உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாகக் காட்டும். என்னுடையது இரண்டு கண்ணிலும் மெல்லியது. மூன்று சொட்டு மருந்துக்குப் பிறகு இடது கண்ணில் 16 என்று எழுதியபோது எல்லோருக்கும் திருப்தி. அந்த 16 அநேகமாக 16 இல்லை. அப்படியே 16 என்றாலும், மதியம் பன்னிரண்டு மணிக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தபோது எடுத்தது. இரவு படுத்திருக்கும்போது பலருக்கும் அழுத்தம் ஏறுகிறது. அப்போது அளப்பதற்கு யாரும் வருவதில்லை.

முதலில் நான் போய்க்கொண்டிருந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் பிரஷரைப் பார்ப்பார்கள், ஒரு சொட்டு கூட்டுவார்கள், "கண்ட்ரோல்ல இருக்கு சார்" என்று அனுப்பிவிடுவார்கள். பீல்டு டெஸ்ட், அதாவது பார்வைப் பரப்புப் பரிசோதனை, எப்போதாவதுதான் எடுத்தார்கள். எடுத்த தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாக நினைவில்லை. அப்புறம் வேறு ஒரு மருத்துவரிடம் போனேன். அந்த அம்மா பழைய தாள்களையெல்லாம் மேஜையில் தேதி வரிசையில் பரப்பிவிட்டு, பேனாவின் பின்பக்கத்தால் ஒவ்வொரு தாளிலும் ஒரே மூலையைத் தொட்டுக்கொண்டே போனார். "சார், உங்க பிரஷர் நின்னுடுச்சு. நோய் நிக்கல."

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி. மோவாயைத் தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மறைத்து, நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியையே பார்த்துக்கொண்டு, சுற்றிலும் எங்காவது வெளிச்சம் மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். எல்லோருக்கும் இதில் ஒரு பயம் வரும்: ரொம்ப நேரமாக எதுவுமே தெரியவில்லையே, பார்வை போய்விட்டதோ என்று. போகவில்லை. உங்களால் பார்க்க முடிகிற எல்லை எது என்று கண்டுபிடிப்பதுதான் இயந்திரத்தின் வேலை. அதனால் பார்வை முழுதாக உள்ளவர்களுக்கும் காட்டுகிற புள்ளிகளில் ஏறக்குறைய பாதி தெரியாத அளவுக்கு மங்கலாகவே இருக்கும். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் என் முதல் சில பரிசோதனைகள் இன்னும் நம்பகமாக வந்திருக்கும். பதற்றத்தில் காணாததற்கெல்லாம் அழுத்தித் தொலைத்திருக்கிறேன்.

தாளில் கறுப்பு வெள்ளைப் படத்தைவிட முக்கியமானது மூலையில் உள்ள ஓர் எண். எம்.டி. என்று போட்டு, பார்வை இயல்பிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை டெசிபலில் கொடுத்திருக்கும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் உங்கள் வயதுக்கு இயல்பு. மைனஸ் 6 வரை ஆரம்பம், மைனஸ் 12 வரை நடுத்தரம், அதற்குக் கீழே போனால் முற்றியது என்பது பொதுவான வகைப்பாடு. மைனஸ் 30 பக்கம் போனால் அந்தக் கண்ணில் ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை. இந்த எண் ஒருநாள் மட்டும் குறைந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை. தூக்கம், சோர்வு, இமை தொங்குவது எல்லாம் அதை ஆட்டிவைக்கும். ஏற்கெனவே அடிபட்ட இடங்களில் ஆட்டம் இன்னும் அதிகம். அதனால்தான் முதல் இரண்டு வருடத்தில் ஆறு பரிசோதனையாவது எடுத்துவிட வேண்டும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். அப்போதுதான் ஆட்டத்துக்கு நடுவில் சரிவு எவ்வளவு வேகம் என்று தெரியும்.

இந்த வேகம்தான் விஷயம். என் இடது கண் மைனஸ் 11-இல் இருந்தது, வருடத்துக்கு ஒன்றரை டெசிபல் இறங்கிக்கொண்டிருந்தது. வருடத்துக்கு ஒன்றைத் தாண்டினாலே வேகம் என்று கொள்கிறார்கள். மைனஸ் 22-ஐத் தாண்டினால் அந்தக் கண்ணை நம்பிக் காரியம் செய்வது கஷ்டம். 11-இலிருந்து 22-க்கு, வருடத்துக்கு ஒன்றரை வீதம் போனால் ஏழு வருடம் சொச்சம். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வலது கண் மைனஸ் 4-இல் இருந்தது, வருடத்துக்குக் கால் டெசிபலுக்கும் குறைவாகவே நகர்ந்தது. அதே கணக்கைப் போட்டால் எழுபது வருடத்துக்கு மேல் வருகிறது. அவ்வளவு நாள் நான் இருக்கப்போவதில்லை. மருத்துவர் ஒரு துண்டுத்தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார்: ஒன்று செங்குத்தாக இறங்கி என் அறுபதாவது வயதுக்குள் அடித்தளத்தைத் தொட்டது, மற்றது சாய்ந்தும் சாயாமல் தாளை விட்டு வெளியே போனது. மூன்று மருந்துக்கும் கட்டுப்பட்டு 16-இல் நின்ற கண்ணுக்கு ஆபரேஷன் எதற்கு என்பதற்கு அந்தத் துண்டுத்தாள் போதுமாக இருந்தது.

இன்னொரு சங்கதியும் இருந்தது. வழக்கமாக எடுக்கும் பீல்டு டெஸ்ட்டில் 54 புள்ளிகள், ஒன்றுக்கொன்று ஆறு பாகை இடைவெளி. பார்வையின் நட்டநடுவில் இருக்கும் பத்துப் பாகைக்குள் அதில் விழுகிற புள்ளிகள் சொற்பம். ஆனால் நாம் படிப்பது, முகம் பார்ப்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அந்தப் பத்துப் பாகைக்குள்தான். நடுப்பகுதியை மட்டும் 68 புள்ளிகளில் இரண்டு பாகை இடைவெளியில் நெருக்கமாகச் சோதிக்கும் வேறு ஒரு முறை இருக்கிறது. அதை எடுத்தபோது, எனக்குச் சொல்லின் வால் காணாமல் போனதற்கான காரணம் படமாகவே வந்தது: மேல்பக்கத்து ஓட்டை மையத்தை ஒட்டி வந்து நின்றிருந்தது. நடுவைத் தொடும் ஓட்டையும் ஓரத்தில் இருக்கும் ஓட்டையும் டெசிபல் கணக்கில் ஒன்றாக இருக்கலாம், வாழ்க்கையில் ஒன்றல்ல. படிப்பையோ கணக்கையோ நம்பிப் பிழைக்கிறவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறையாவது கேட்டு எடுத்துக்கொள்வது நல்லது. அதேபோல் கீழ்ப்பகுதிப் பார்வை போகிறவர்களுக்குப் படி தெரியாது, தடுக்கி விழுவார்கள். அவர்களிடம் "அட்டையைப் படியுங்கள்" என்று மட்டும் கேட்டு அனுப்புவது அநியாயம்.

எவ்வளவு இறக்கினால் நிற்கும் என்பதற்கும் ஓரளவு விடை இருக்கிறது. ஸ்வீடனில் ஆரம்ப நிலை நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், அழுத்தம் ஒவ்வொரு மில்லிமீட்டர் குறைவதற்கும் நோய் முன்னேறும் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைவதாகக் கண்டார்கள். முற்றிய நோயாளிகள் பற்றி 2000-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒவ்வொரு முறையும் 18-க்குக் கீழேயே இருந்தவர்களின் பார்வைப் பரப்பு சராசரியாக ஆறு வருடம் அசையவே இல்லை. அவர்களுடைய சராசரி அழுத்தம் 12.3. மருந்தால் 16-இல் நிற்கும் ஒரு கண்ணை 11, 12-க்குக் கொண்டுபோக நாலாவது சொட்டு போதாது. முதல் சொட்டு செய்வதில் பாதியைக்கூட நாலாவது செய்வதில்லை. எல்லாவற்றையும் வேளை தவறாமல் போடுவதும் நடக்கிற காரியமில்லை. அங்கேதான் கத்தி வருகிறது.

இந்த இடத்தில் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நான் எல்லோரையும் ஆபரேஷனுக்குத் துரத்துகிறேன் என்று ஆகிவிடும். அவருக்கு எண்பதைத் தாண்டிய பிறகுதான் நோய் தெரிந்தது. பிரஷர் ஒரே சொட்டில் 19. என்னுடையதைவிட அதிகம். வீட்டில் ஆளாளுக்குப் பேச்சு: இவனுக்கு 16-க்கே வெட்டினார்கள், அவருக்கு 19 இருக்கிறது, ஏன் சும்மா விடுகிறார்கள் என்று. அவருடைய பீல்டு தாள்களில் வருடக்கணக்காக ஒரு நகர்வும் இல்லை. அந்த வேகத்தில் அவர் நூற்றுப்பத்து வயதில்கூடப் படித்துக்கொண்டிருப்பார். ரத்தம் நீர்க்க மாத்திரை வேறு சாப்பிடுகிறார். "விட்டுடுங்க, அவர் பாட்டுக்கு இருக்கட்டும்" என்று மருத்துவர் சொன்னது அலட்சியம் இல்லை. தேவையில்லாத ஆபரேஷனைச் செய்யாமல் விடுவதற்கும் அதே கணக்குத்தான் வேண்டும்.

இனி ஆபரேஷன். டிராபெக்குலெக்டமி என்ற பெயரைச் சொல்லப் பழகவே ஒரு வாரம் ஆகும். 1968-இல் கேர்ன்ஸ் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரையோடு பரவலான முறை, அடிப்படை இன்னும் மாறவில்லை. மேல் இமைக்கு அடியில், கண்ணின் வெள்ளைப்பகுதியில், ஒரு சின்னக் கதவு மாதிரி வெட்டி, அதற்குக் கீழே உள்ளே வரைக்கும் ஒரு துளை போட்டு, கதவைத் தளர்வாகத் தைத்துவிடுகிறார்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் அந்த வழியாகக் கசிந்து, மேலே உள்ள மெல்லிய சவ்வுக்கு அடியில் சேர்கிறது. அங்கே சிறு கொப்புளம் போல ஒரு மேடு உண்டாகும். ப்ளெப் என்பார்கள். கண்ணாடியில் இமையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள்.

எல்லா ஆபரேஷனிலும் காயம் ஆற வேண்டும் என்று வேண்டிக்கொள்வோம், இதில் ஆறிவிடக் கூடாது. காது குத்திய ஓட்டையில் எதுவும் போடாமல் விட்டால் தூர்ந்துபோகுமே, அதைப் போல உடம்பு இந்தத் துளையையும் மூடப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆபரேஷனின்போது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மைட்டோமைசின் என்ற மருந்தை ஒரு பஞ்சில் நனைத்துச் சில நிமிடம் அங்கே வைக்கிறார்கள். தள்ளிப்போடுவதில் உள்ள ஒரு நஷ்டம் இங்கேதான் வெளியே வருகிறது. வருடக்கணக்காகப் பல சொட்டு மருந்துகள், அதிலும் கெடாமல் இருக்கப் பதப்பொருள் சேர்த்தவை, கண்ணின் மேல்சவ்வை ஓயாமல் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. அப்படிச் சிவந்து கனன்று கிடக்கும் சவ்வு, ஆபரேஷனுக்குப் பிறகு வேகமாகத் தழும்பு கட்டி வழியை அடைத்துவிடுகிறது. அதாவது, எல்லா மருந்தையும் முயன்று பார்த்துவிட்டுக் கடைசியாக ஆபரேஷன் என்று போகும்போது, அந்த ஆபரேஷன் பலிக்கும் வாய்ப்பையும் மருந்துகளே கொஞ்சம் குறைத்துவிட்டிருக்கும். என் கண் அப்போது எப்போதும் சிவப்பாகத்தான் இருக்கும். ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே சில சொட்டுகளை மாற்றி, வீக்கம் குறையச் சொட்டு கொடுத்துச் சவ்வை ஆறவைத்தார்கள்.

எனக்கு ஒரு பயம் இருந்தது, அது இன்று பலரையும் தடுக்கிறது: முற்றிய கண்ணில் கை வைத்தால் மிச்சம் இருக்கும் நடுப்பார்வையும் ஒரே நாளில் அணைந்துவிடும் என்று. அப்படி நடப்பது உண்டு. நடுவில் ஒரு தீவு மாதிரி மட்டும் பார்வை மிஞ்சிய கண்களில், வயதானவர்களிடம், ஆபரேஷனுக்குப் பிறகு அழுத்தம் திடீரென்று மிகவும் தாழ்ந்துவிட்டால் நடக்கலாம். ஆனால் அரிது. 2021-இல் பிரிட்டனின் 27 மருத்துவமனைகளில் 453 பேரிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. கண்டுபிடிக்கும்போதே முற்றியிருந்தவர்கள் அத்தனை பேரும். பாதிப்பேருக்கு முதலிலேயே ஆபரேஷன், பாதிப்பேருக்குச் சொட்டு மருந்து. இரண்டு வருடம் கழித்து அழுத்தம் ஆபரேஷன் பக்கம் 12.4, மருந்துப் பக்கம் 15.1. அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பயந்த மாதிரி ஆபரேஷன் செய்தவர்கள் கூட்டமாகப் பார்வை இழக்கவில்லை. இந்த அபாயமுமே, பார்வை நூலிழையில் தொங்கும்வரை காத்திருந்தவர்களுக்குத்தான் அதிகம்.

மறுபக்கமும் இருக்கிறது. 2001-இல் முடிவு வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், புதிதாக நோய் கண்ட 607 பேரில் ஒரு பகுதிக்கு நேராக ஆபரேஷன், ஒரு பகுதிக்கு மருந்து. ஐந்து வருடம் கழித்துப் பார்வைப் பரப்பில் இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்குப் புரை அதிகம் வந்தது. நீண்ட நாள் தொடர்ந்து பார்த்தபோது, தொடக்கத்திலேயே சேதம் அதிகமாக இருந்தவர்களுக்குத்தான் முதலிலேயே ஆபரேஷன் செய்தது நன்மையாக இருந்தது. சேதம் கொஞ்சமாக இருந்தவர்களுக்கு அந்த நன்மை இல்லை. என் இடது கண்ணும் வலது கண்ணும் பிரிந்த இடம் இதுதான்.

என் இடது கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், முதல் வாரம் அழுத்தம் 5-க்கு இறங்கிவிட்டது. கதவு நிலை வளைந்து தெரிந்தது, எழுத்துக்கள் தண்ணீருக்கு அடியில் கிடப்பவை போல நெளிந்தன. கனம் தூக்காதே, குனியாதே, முக்காதே என்றார்கள். மெல்ல ஏறியது. பிறகு ஒரேயடியாக 19-க்குப் போய், ஒரு தையலை லேசரால் அறுத்துவிட்டார்கள். அது 9 ஆகி, கடைசியில் 11-இல் அமர்ந்தது. முதல் மாதம் மருத்துவமனையே வீடு. ஆபரேஷன் ஒரு மணி நேரம்தான், அதற்குப் பிறகான இரண்டு மூன்று மாதத்துப் பின்கவனிப்புதான் பாதி வைத்தியம் என்று யாரும் முன்கூட்டி அழுத்திச் சொல்வதில்லை. அந்த மாதங்களில் அடிக்கடி வந்துபோக முடியாத சூழ்நிலை என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தேதி குறிப்பதில் அதற்கும் பங்கு உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு புரை சீக்கிரம் வளர்ந்தது, அதற்கும் ஒருநாள் போக வேண்டும். அந்தக் கண் சிவந்து, பீளை கட்டி, வலித்தால் ஆயுள் முழுக்க அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது, கிருமி அந்தக் கொப்புளத்தின் வழியே உள்ளே போய்விடும். சொல்லின் வால் இன்னும் காணாமல்தான் போகிறது. ஆனால் ஓட்டை, ஆபரேஷனுக்கு முன் எடுத்த தாளில் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. எம்.டி. எண்ணும் ஆட்டத்தைத் தாண்டி இறங்கவில்லை.

அக்காவுக்கு வேறு வகை, அவளுடையதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எனக்குத் தெரிந்த பிறகு, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் சோதித்தே ஆக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். ரத்த சொந்தத்துக்கு வாய்ப்பு பல மடங்கு அதிகம். அவளுக்குக் கண்ணின் நீர் வெளியேறும் மூலையே குறுகல். இந்த வகையில் சிலருக்குத் திடீரென்று மூலை அடைத்துக்கொண்டு, கடுமையான கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் எல்லாம் வரும். அப்போது கணக்கு வருடத்தில் இல்லை, மணியில். கண்ணின் நிறமுள்ள ஐரிஸ் படலத்தில் சிறு துண்டை வெட்டி எடுத்து இந்த நிலையிலிருந்து பார்வையை மீட்கலாம் என்று ஜெர்மன் மருத்துவர் கிரேஃபே 1857-இல் காட்டினார். இன்று அதே துளையை லேசரால் போடுகிறார்கள். அக்காவுக்கு அடைப்பு வரவில்லை, ஆனால் மூலை குறுகலோடு பிரஷரும் ஏறியிருந்தது. அவளுக்குச் சொன்னது லென்ஸை மாற்றுகிற ஆபரேஷன். தடித்த லென்ஸை எடுத்துவிட்டால் மூலைக்கு இடம் கிடைக்கிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, புரை இல்லாதவர்களுக்கும்கூட இந்த வகையில் லென்ஸை முதலிலேயே எடுப்பது லேசரைவிட நல்ல பலன் தருவதாகக் காட்டியது. அவள் செய்துகொண்டாள். அவளுக்குப் பளிச்சென்றும் தெரிகிறது, அது ஒரு பொறாமை.

என் வலது கண்ணுக்குச் சொட்டு மருந்தோடு நிற்காமல், கண்ணின் நீர் வெளியேறும் வடிகாலில் லேசர் அடித்தார்கள். 718 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், முதலிலேயே இந்த லேசர் செய்துகொண்டவர்களில் 74 சதவீதம் பேருக்கு மூன்று வருடம் கழித்தும் சொட்டே தேவைப்படவில்லை. சொட்டு மருந்தில் தொடங்கியவர்களில் 11 பேருக்கு வெட்டு ஆபரேஷன் தேவைப்பட்டது, லேசர் தரப்பில் ஒருவருக்கும் இல்லை. எனக்குச் சொட்டு முழுதாக நிற்கவில்லை, மூன்று ஒன்றாயிற்று. மேல்சவ்வுக்கும் ஓய்வு.

இந்தக் கண்ணுக்கு எப்போது ஆபரேஷன் என்பதை இப்போதே பேசி எழுதிவைத்துவிட்டோம். இது என் யோசனை, மருத்துவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். வருடத்துக்கு இரண்டு பீல்டு டெஸ்ட், அதில் ஒன்று நடுப்பத்துப் பாகைக்கு. நடுவை ஒட்டிய புள்ளிகளில் புதிதாக ஒரு குறை வந்து, திரும்ப எடுத்தபோதும் அது அங்கேயே இருந்தால் பேச்சை ஆரம்பிக்க வேண்டியது. வேகம் அரை டெசிபலைத் தாண்டினால் முதலில் மருந்து கூட்டிப் பார்ப்பது, ஒன்றை நெருங்கினால் இன்னொரு சொட்டுக்காகக் காத்திருக்காமல் தேதி குறிப்பது. இடது கண் ஏதாவது காரணத்தால் போய்விட்டால் இந்த எல்லைகளை எல்லாம் இன்னும் இறுக்குவது, ஏனென்றால் அப்போது இது ஒரே கண். எழுபத்தைந்து வயது வரை இப்படியே நகராமல் இருந்தால் ஆபரேஷன் பேச்சையே விட்டுவிடுவது. கோப்பின் முதல் பக்கத்தில் இதை அவர் கையாலேயே எழுதியிருக்கிறார், ஒரு நகல் என்னிடமும் இருக்கிறது. போன மாதம் எடுத்த டெஸ்ட்டில் மைனஸ் 4.3. அடுத்தது ஆறு மாதம் கழித்து.